நிற்கத் தெரிந்த சைக்கிள்

கல்முனைப் பக்கம் சைக்கிளுக்கென்றே பரப்பி வைத்தது போன்ற நிலம். மருதமுனையில் ஏறி மிதித்தால் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று அக்கரைப்பற்று வரைக்கும் பாலங்களின் முதுகைத் தவிர ஏற்றமென்று சொல்ல ஒன்றுமில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல். அப்படியான ஊரில், அறுபது வயதில் பென்சன் எடுத்த ஆசிரியர் ஒருவர் சில வருடங்களில் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு, சந்தைக்குப் போகவும் ஓட்டோவுக்குக் கை காட்டத் தொடங்குகிறார். கேட்டால் காலில் பலம் இல்லை என்பார். அதே கால்தான் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறது.

நடக்க முடிந்த காலுக்கு மிதிக்க முடியாமற் போவதில்லை. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த எஸ். எஸ். வில்சன் 1973 மார்ச் மாத ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு கணக்குக் காட்டினார். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீற்றர் தூரம் கொண்டுபோக எந்தப் பிராணிக்கு, எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு சக்தி செலவாகிறது என்ற ஒப்பீடு அது. நடக்கும் மனிதன் அதில் ஓரளவு நல்ல இடத்தில்தான் இருந்தான். அதே மனிதனைச் சைக்கிளில் ஏற்றியதும் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, பறவை, குதிரை, கார், விமானம் எல்லாவற்றையும் தாண்டிப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டான். ஆக, கால் ஓய்ந்ததால் சைக்கிள் ஓய்கிறது என்ற விளக்கம் தேறாது.

வயதானவர்கள் நிறையச் சைக்கிள் ஓட்டும் நாடு நெதர்லாந்து. அங்கே முதியோர் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒரு விடயம் நம் கேள்விக்கு உதவும். வேறு வாகனம் எதுவும் மோதாமல், தாமாகவே விழுந்தவர்களில் கணிசமானோர் விழுந்தது ஏறும்போது அல்லது இறங்கும்போது. ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிள் அவர்களை அவ்வளவாகத் தள்ளிவிடவில்லை. நிற்கப்போகும் சைக்கிளும், புறப்படப்போகும் சைக்கிளும்தான் தள்ளிவிட்டன. சைக்கிள் ஏன் ஓடும்போது நிற்கிறது, நிற்கும்போது ஏன் விழுகிறது என்ற பழைய புதிருக்கு இங்கேதான் வந்து சேர்கிறோம்.

தும்புத்தடியைத் தலைகீழாக உள்ளங்கையில் நட்டமாக நிறுத்திப் பார்க்காத பிள்ளை ஊரில் இராது. தடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டும். கையை அசைக்காமல் வைத்திருந்தால் தடி விழுந்துவிடும். சைக்கிளும் இதையே செய்கிறது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹாண்டில் இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பியதும் சில்லுகள் சாய்ந்த பக்கமாக ஓடி உடம்புக்கு நேர் கீழே போய் நிற்கின்றன, சாய்வு நிமிர்கிறது. இந்தத் திருத்தம் ஒவ்வொரு நிமிடமும் பல தடவை நடக்கிறது. ஓட்டுபவருக்கு அது தெரிவதேயில்லை. ஈரமான வீதியில் ஒரு சைக்கிள் போன தடத்தைக் குனிந்து பார்த்தால் அது நேர்கோடாக இராது. மெல்லிய அலை போல வளைந்து வளைந்து போயிருக்கும்.

ஆனால் ஹாண்டிலைத் திருப்பியவுடன் சில்லு பக்கவாட்டாக நகர்ந்துவிடுவதில்லை. முன்னோக்கி உருண்டால்தான் பக்கவாட்டாகவும் போகும். வேகம் குறையக் குறைய, அதே அளவு திருத்தத்துக்கு ஹாண்டிலை அதிகமாக ஒடிக்க வேண்டியிருக்கிறது. வேகம் பூச்சியமானால் ஹாண்டிலை எவ்வளவு ஒடித்தும் பயனில்லை. தடி இருக்கிறது, அதைத் தாங்கிய கைதான் கட்டப்பட்டுவிட்டது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பதே ஒரு நல்ல கதை. சுழலும் சில்லு பம்பரம் போல நிமிர்ந்து நிற்க விரும்புவதால்தான் சைக்கிள் விழுவதில்லை என்று நெடுங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரித்தானிய இரசாயனவியலாளர், ஓட்டவே முடியாத ஒரு சைக்கிளைச் செய்து பார்ப்போம் என்று இறங்கினார். முன் சில்லின் அருகே இன்னொரு சில்லைப் பூட்டி எதிர்த் திசையில் சுழல விட்டார். பம்பர விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதால் வண்டி விழ வேண்டும். விழவில்லை, அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் ஐவர் ஆள் ஏறாத ஒரு சின்னச் சோதனை வண்டியைச் செய்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பம்பர விளைவும் இல்லை, முன் சில்லைப் பின்னால் இழுபட வைக்கும் முன்கவையின் சாய்வு விளைவும் இல்லை. தள்ளிவிட்டால் அப்போதும் தானாகவே நிமிர்ந்து ஓடியது. சாய்ந்த பக்கம் திரும்பினால் போதும்; அந்தத் திருப்பம் எதனால் வருகிறது என்பது இரண்டாம் பட்சம்.

இதே ஆய்வுக் குழாமைச் சேர்ந்தவர்கள் 2007இல் ஒரு மாதிரிச் சைக்கிளுக்குக் கணக்குப் போட்டார்கள். ஆள் வெறும் மூட்டை போல அசையாமல் இருந்தாலும் வண்டி தானே தன்னை நிமிர்த்திக்கொள்ளும் வேகம், மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 22 கிலோமீற்றர் வரை. வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும். அதற்குக் கீழே போனால் வண்டி கைவிட்டுவிடும், ஓட்டுபவரின் மூளைதான் வேலை செய்ய வேண்டும். இருபது வயதில் அந்த வேலையை யாரும் வேலையாக நினைப்பதில்லை. எழுபதில் கதை வேறு.

நமக்குச் சமநிலையைச் சொல்லித் தருபவை மூன்று: கண், தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்வு நரம்புகள், உட்காது. உட்காதில் நுண்ணிய சுண்ணத் துகள்கள் மயிர் போன்ற உணர்கலங்களின் மேல் அமர்ந்திருக்கின்றன. தலை சாயும்போது துகள் சரிந்து மயிரை வளைக்கிறது, மூளைக்குச் செய்தி போகிறது. வயது ஏற இந்த மயிர்க்கலங்கள் குறைகின்றன, மீண்டும் முளைப்பதில்லை. காலின் உணர்வும் மங்குகிறது. நீரிழிவு இருந்தால் அது இன்னும் சீக்கிரம். மிச்சமிருப்பது கண். வைத்தியர்கள் கால்களை ஒட்டி நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்வது இதைப் பார்க்கத்தான். ஜேர்மன் நரம்பியல் வைத்தியர் மோரிட்ஸ் ரொம்பேர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்த சோதனை அது. கண்ணை மூடியதும் தள்ளாடினால் மற்ற இரண்டில் ஒன்றாவது சோர்ந்திருக்கிறது என்று பொருள். பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது சைக்கிளும் சேர்ந்து திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நொடியில் கண்ணும் வீதியில் இல்லை.

உலகத்தில் இந்த வயதினர் பலர் விரும்பி ஓட்டும் ஒரு வண்டி இருக்கிறது. மூன்று சில்லு, தரையிலிருந்து ஒரு முழம் உயரமும் வராத, வலை போட்ட சாய்விருக்கை, பெடல் முன்னால், கால்கள் நீட்டியபடி, கைப்பிடிகள் இருக்கையின் இரு பக்கமும். ‘முச்சக்கர வண்டி’ என்ற பெயரை ஓட்டோ எடுத்துக்கொண்டுவிட்டதால், இதைச் சாய்வு முச்சில்லு என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் ஓய்வுபெற்ற தம்பதிகள் இதில் பகல் பயணமும் நாட்கணக்கான நெடும் பயணமும் போகிறார்கள். நம் ஊர்ச் சைக்கிள் கடையில் சாதாரணமாகக் கேட்டு வாங்கக்கூடிய பொருளில்லை இது. ஆனால் நம் கரையோரம் மாதிரித் தட்டையான, காற்றடிக்கும் நிலத்தில் இது என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

தட்டை நிலத்துக்கு மேடு இல்லை என்றேன். மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் இங்கே சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது மழையைக் கொட்டிவிடுகிறது. நீராவி நீராக மாறும்போது விடுகிற வெப்பம் அந்தக் காற்றிலேயே தங்கிவிடுகிறது. பிறகு கிழக்கே இறங்கும்போது, ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ பத்துப் பாகை செல்சியஸ் என்று அமுங்கி இன்னும் சூடாகிறது. இரத்தினபுரி நனைகிற அதே மாதத்தில் சம்மாந்துறை வயல்களின் மேல் உலர்ந்த சூட்டுக் காற்று வீசுவது இப்படித்தான்.

ஒரு கணக்கு. சீராக 60 வாட் கொடுத்து மிதிக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்; பழைய குமிழ் பல்பு ஒன்றை எரிக்கும் அளவு. வேகமாக நடந்து பழகிய ஒரு முதியவரால் முடிந்ததுதான். சைக்கிளோடு சேர்த்து எடை 85 கிலோ. நிமிர்ந்து உட்காரும் சாதாரணச் சைக்கிள், தளர்ந்த சேர்ட். காற்றே இல்லாத காலையில் இவர் மணிக்கு 16 கிலோமீற்றர் போவார். கல்முனையிலிருந்து அட்டாளைச்சேனை ஏறத்தாழ 20 கிலோமீற்றர் என்று வைத்தால், போய்வர இரண்டரை மணி நேரம். இப்போது மணிக்கு 15 கிலோமீற்றர் காற்று நேரெதிரே அடிக்கிறது என்போம். வேகம் ஒன்பதரைக்கு இறங்கிவிடுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில், வேகம் 24. போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடலாம் என்று மனம் சொல்லும். கூட்டிப் பார்த்தால் மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அரை மணி நேரம் கிட்டக் காணவில்லை.

அது எங்கே போனது? காற்றின் தடை வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்றாக ஏறுவதில்லை. உடம்பில் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. அதனால் எதிர்காற்று பறித்துக்கொள்வது நிறைய, பின்காற்று திருப்பித் தருவது கொஞ்சம். இரண்டாவது காரணம் இன்னும் எளிது: எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தத் துன்பத்தில் நீண்ட நேரம் இருக்கிறோம், பின்காற்றின் சுகம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதிலும் முழுச் சுகமில்லை. காற்றோடு சேர்ந்து போகும்போது உடம்பைத் தொடும் காற்று குறைவு, வியர்வை உலராது. மிதிக்க இலகுவான பாதி வழியில்தான் அதிகம் வேகும்.

நம் கரையோர வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. கச்சானோ மேற்கும் தென்மேற்கும். ஆகவே பெரும்பாலும் கிடைப்பது பக்கக்காற்று. நேர் பக்கத்திலிருந்து அடிக்கும் காற்று முன்னாலும் தள்ளாது, பின்னாலும் இழுக்காது என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. நாம் 15இல் போக, காற்று பக்கத்திலிருந்து 15இல் வர, உடம்பில் மோதுவது இரண்டும் சேர்ந்த 21 கிலோமீற்றர் காற்று, முன்பக்க மூலையிலிருந்து. அதில் நமக்கு எதிராக இழுக்கும் பங்கை மட்டும் எடுத்தாலும், காற்றில்லாத நேரத்தைவிட ஏறத்தாழ 40 வீதம் அதிகம். போகும்போதும் அதே, வரும்போதும் அதே.

இனி மேலே விட்டுவந்த எண்ணைத் திரும்பப் பார்க்க வேண்டும். எதிர்காற்றில் நம் ஆசிரியரின் வேகம் ஒன்பதரை. சைக்கிள் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளத் தேவையானது ஏறத்தாழ 15. மூச்சு வாங்குகிற நேரம், காற்று வாரியடிக்கிற நேரம், வண்டியும் கைவிட்ட நேரம் எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. ஒரு பஸ் பக்கத்தில் கடந்தால் அரை நொடி காற்று மறைந்து, அடுத்த அரை நொடியில் அறைகிறது. இரண்டு சில்லு வண்டி ஓட்டுபவரிடம் ஒரு குறைந்தபட்ச வேகத்தைக் கேட்கிறது. அந்த வேகத்துக்கு ஒரு குறைந்தபட்சப் பலம் வேண்டும். களைத்துப்போனாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும். மூன்று சில்லு இந்தக் கப்பத்தைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. சின்னக் கியருக்குப் போட்டு மணிக்கு நாலு கிலோமீற்றரில், நடப்பவருக்குச் சலாம் சொல்லிக்கொண்டு போகலாம். நடுவழியில் நின்று, இருந்த இருப்பிலேயே இளநீர் குடிக்கலாம். இந்த வண்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரே விடயம்தான் என்றால், மெதுவாகப் போகும் உரிமையைத்தான் சொல்வேன்.

வேகத்துக்காக இதை வாங்கச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் வரலாறு பொய்யில்லை. பிரான்ஸில் சார்ல் மோஷே என்பவர் தன் மகனுக்காக மிதித்து ஓட்டும் நாலு சில்லு வண்டி ஒன்றைச் செய்தார். பெரியவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். அது வேலோகார் என்ற பெயரில் வளர்ந்தது. அதையே நீளவாக்கில் பாதியாக்கியது போல இரண்டு சில்லு சாய்வுச் சைக்கிளும் செய்தார். 1933 ஜூலை 7ஆம் திகதி பாரிஸில், முதல்தர வீரராகக் கருதப்படாத பிரான்சிஸ் ஃபோர் அதில் சாய்ந்தபடி ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். 1914 முதல் யாரும் தொடாமல் இருந்த ஒஸ்கார் எக்கின் 44.247 கிலோமீற்றர் சாதனை போயிற்று. சர்வதேசச் சைக்கிள் சங்கம் கூடிப் பேசி, ஃபோரைப் பாராட்டுவதற்குப் பதிலாகச் சைக்கிள் என்றால் என்ன என்பதைப் புதிதாக வரையறுத்தது. 1934 ஏப்ரல் முதல் சாய்வுச் சைக்கிள் போட்டிகளுக்கு வெளியே. போட்டியில் இல்லாதது கடையிலும் இல்லாமல் போவது வழக்கம். மோஷேயின் வேலோகார்கள் மறுபடி பாரிஸ் வீதிகளில் ஓடியது இரண்டாம் உலக யுத்த காலத்தில், பெற்றோல் இல்லாமற் போனபோது. 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாய்க்கும் பெற்றோல் கிடைக்காமல் வரிசையில் நின்று, பரணில் கிடந்த சைக்கிளை இறக்கித் துடைத்த நம்மவர்களுக்கு அது புரியும்.

ஆனால் ஃபோர் ஓடியது மணிக்கு 45இல். அந்த வேகத்தில் மிதிப்பவரின் பலத்தில் மிகப் பெரும் பங்கு காற்றுக்கே போகிறது. சாய்ந்து படுத்தால் காற்றுக்குக் காட்டும் பரப்புச் சுருங்குகிறது, இலாபம் கொழிக்கிறது. நம் ஆசிரியர் போவது 16இல். அங்கே செலவின் பாதி டயர் நசுங்குவதற்கே போய்விடுகிறது. முச்சில்லு சாதாரணச் சைக்கிளைவிடச் சில கிலோ பாரமானது, சில்லுகளும் சிறியவை. அதே 60 வாட்டுக்கு என் கணக்கில் அமைதியான காலையில் 17க்குச் சற்றுக் கீழே வருகிறது. சாதாரணச் சைக்கிளைவிட ஒரு கிலோமீற்றர்கூட அதிகமில்லை. 15 கிலோமீற்றர் எதிர்காற்றில் ஒன்பதரைக்குப் பதில் 11. இதற்காக ஒருவர் காணி விற்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் நான் ஒன்றைச் சேர்க்கவில்லை. அது முச்சில்லின் பக்கம். காற்று தரையோடு உராய்வதால் தரைக்கு அருகே மெதுவாகவும் மேலே போகப் போக வேகமாகவும் அடிக்கிறது. எல்லைப் படலம் என்று இதைச் சொல்வார்கள். உயரமான கம்பத்தில் பல மட்டங்களில் காற்றுமானிகளைக் கட்டி அளந்து கண்டது இது. வானிலை அவதான நிலையங்கள் காற்றை 10 மீற்றர் உயரத்தில் அளக்க வேண்டும் என்று உலகம் முழுவதும் ஒரே விதி வைத்ததும் இதனால்தான். இல்லையென்றால் ஒரு ஊர்க் காற்றை இன்னொரு ஊரோடு ஒப்பிட முடியாது. நெல் அறுத்து முடிந்த வயல்வெளி போன்ற திறந்த இடத்தில், நிமிர்ந்து ஓட்டுபவரின் நெஞ்சு உயரத்தைவிட, சாய்ந்து ஓட்டுபவரின் நெஞ்சு உயரத்தில் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. வானிலை அறிக்கையில் சொல்லும் காற்றில் அவர் மேல் படுவது பாதியளவுதான். பதுங்கிப் போனால் தப்பலாம் என்பது கச்சானுக்கும் பொருந்துகிறது.

மூன்று சில்லு என்றால் விழாது என்று நினைத்துவிடக்கூடாது. வளைவில் ஓட்டோ பிரண்டதைப் பார்த்தவர்கள் நாம். மூன்று சில்லும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியும் ஆளும் சேர்ந்த பாரத்தின் மையம் அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் தள்ளுகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் தள்ளுகிறது. ஓட்டோவுக்கு முன்னால் ஒரே சில்லு, முக்கோணத்தின் முனை அங்கே. வளைவில் பிரேக்கும் பிடித்தால் பாரம் முன்னாலும் பக்கத்திலுமாக, முக்கோணம் மிக ஒடுங்கியிருக்கும் இடத்துக்குப் போகிறது. சாய்வு முச்சில்லுகளில் பெரும்பாலானவை முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று திருப்பி வைத்திருப்பதன் இரகசியம் இதுவே. பிரேக் பிடித்தால் பாரம் அகன்ற பக்கம் போகிறது. இருக்கையும் தாழ்வு; உயரம் குறைந்த பாரம் தள்ளினாலும் கவிழ்க்கப் பலமில்லை. மாறாக, சாதாரணச் சைக்கிளின் பின்னால் மட்டும் இரண்டு சில்லு பூட்டி, உயரத்தில் நிமிர்ந்து உட்கார வைக்கும் கூடை வண்டி பார்க்கப் பத்திரமாகத் தெரியும். சைக்கிள் ஓட்டிப் பழகியவர் அதில் வளைவெடுத்தால் உடம்பு சாயப் பார்க்கும், வண்டி சாய மறுக்கும். அது மிக மெதுவான ஓட்டத்துக்கு மட்டும்.

அப்படியென்றால் தாழ்ந்த வண்டியே நல்லது என்று முடித்துவிடலாமா? முழங்கால் இடம் கொடுக்க வேண்டுமே. இருபத்தைந்து, முப்பது சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ள இருக்கையில் போய் உட்காருவதும் அதிலிருந்து எழும்புவதும் பாயில் உட்கார்ந்து எழும்புவதற்குச் சமம். சுஜூதிலிருந்து தட்டுத் தடங்கலில்லாமல் எழும்புகிறவருக்குப் பிரச்சினையில்லை. பள்ளிவாசலில் கதிரை போட்டுத் தொழுகிறவருக்கு இந்த வண்டி ஒத்துவராது. வீதியில் விழுவதைத் தடுக்கப் போய் வாசலில் விழ வைக்கும். அவருக்குக் கதிரை உயரத்தில் இருக்கையுள்ள, பின்னால் இரண்டு சில்லு வைத்த சாய்வு வண்டியும் இருக்கிறது. உயரம் ஏறியதால் வளைவில் நிதானம் வேண்டும். இலகுவாக எழும்பும் உயரத்தையும் தாழ்ந்த இருக்கையின் உறுதியையும் ஒரே வண்டியில் முழுதாகத் தருவது கடினம். எதுவானாலும் ஏறி இறங்கும்போது கைப்பிரேக்கைப் பூட்டுவது கட்டாயம். மூன்று சில்லு விழாது, ஆனால் உருளும்.

வேறு ஆபத்துகளும் உண்டு. சாய்வு வண்டியில் பாதம் பெடலில் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெறும் செருப்போடு மிதித்துப் பாதம் வழுக்கித் தரையில் ஊன்றினால், வண்டி முன்னோக்கிப் போய்க்கொண்டே காலைத் தனக்கடியில் இழுத்துக்கொள்ளும். கணுக்கால் முறிந்தவர்கள் இருக்கிறார்கள். சாரன், அபாயா உடுப்பவர்கள் முன் சில்லுகளுக்கு மட்காட் போடாமல் ஏறக்கூடாது. மணல் ஒழுங்கைகளில் சின்னச் சில்லு புதையும். குழியைத் தவிர்க்க இரண்டு சில்லுக்கு ஒரு தடம் பார்த்தால் போதும், இதற்கு மூன்று தடம் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது, கண்ணில் படாமற் போவது. ஓட்டுபவரின் தலை காரின் யன்னல் மட்டத்துக்குத்தான் வரும். அக்கரைப்பற்று கல்முனைப் பிரதான வீதியில், பஸ்கள் முந்திக்கொள்ளும் நேரத்தில், உயரமான தடியில் கொடி கட்டினாலும் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். வயல் வீதிகளும் கடற்கரை வீதிகளும் இருக்கின்றன. சுபஹுக்குப் பிறகு புறப்பட்டால் இரவில் குளிர்ந்த தரையிலிருந்து மெல்லிய தரைக்காற்று மட்டும் இருக்கும்; வெயில் ஏறிக் கடற்காற்றும் கச்சானும் மல்லுக்கட்டத் தொடங்குமுன் வீடு வந்துவிடலாம்.

கடைசியாக, இருவர் சேர்ந்து போகும் விடயம். ஆசிரியர் 60 வாட், அவர் மனைவி 40 வாட் மிதிப்பவர், எடை ஒன்றே என்று வைப்போம். பண்டாரவளைப் பக்கத்து ஏற்றமாக இருந்தால், பலம் மூன்றில் இரண்டு என்றால் வேகமும் மூன்றில் இரண்டுதான். பத்து நிமிடத்தில் ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். கல்முனைச் சமதரையில் அவர் 16, இவர் 13. ஐந்தில் நாலு. வேகமாகப் போகிறவரிடம் காற்று அதிக வரி வாங்கி இருவரையும் நெருக்கி வைக்கிறது. நல்ல முறையில் சாய்ந்து காற்றைக் குறைக்கக் குறைக்க இந்த நெருக்கமும் குறையும் என்பது வேடிக்கை.

பழைய காலத்தவர்கள் இதற்கு வேறு வழி பார்த்தார்கள். ஜேம்ஸ் ஸ்டார்லி 1870களின் இறுதியில் இங்கிலாந்தில் முச்சில்லுகளைப் பெருவாரியாகச் செய்தபோது, கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மிதிக்கும் வண்டிகளும் வந்தன. விக்டோரியா மகாராணியே 1881இல் ஸ்டார்லியின் முச்சில்லுகள் இரண்டை வாங்கினார். எலிசபெத், ஜோசப் பென்னல் என்ற அமெரிக்கத் தம்பதி 1884இல் முன்னும் பின்னுமாக இருவர் மிதிக்கும் முச்சில்லில் புளோரன்ஸிலிருந்து ரோம் வரை போனார்கள். எலிசபெத் எழுதினார், ஜோசப் படம் வரைந்தார். இன்றைக்கு ஜேர்மனியில் செய்யும் சில முச்சில்லுகளில், பின்வண்டியின் முன் சில்லைக் கழற்றி முன்வண்டியின் பின்னால் கொளுவிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அறுபதும் நாற்பதும் நூறாகி, இருவரும் ஒரே வேகத்தில் போவார்கள். ஒவ்வொருவரும் தத்தமது கியரில், தத்தமது கதியில் மிதிக்கலாம். பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா, காலை வைத்துக்கொண்டு வயலைப் பார்க்கிறாரா என்பது முன்னால் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. எதிர்காற்றில் சந்தேகம் வரும்.